பணம் போய்ச் சேர்ந்தது. ஆட்டம் வந்து சேரவில்லை

தசரா விடுமுறை முடிந்த முதல் வேலைநாள். மைசூரில் அன்று எந்த வங்கிக் கிளையிலும் கூட்டம் சற்று மிகுதியாகவே இருக்கும். அந்தக் கூட்டத்தினிடையே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தம் அட்டைக் கணக்கறிக்கையைக் கையில் ஏந்தியபடி என் மேசைக்கு முன் வந்து அமர்ந்தார். பேரனுக்காக 20 டாலர் மதிப்புள்ள வீடியோ கேம் பரிசுக் குறியீடு ஒன்றை இணையத்தில் வாங்கியிருந்தார். அறிக்கையில் 1,660 ரூபாய் ஒரு வரியிலும், 58 ரூபாய் அடுத்த வரியிலும், 10 ரூபாய்ச் சொச்சம் மூன்றாம் வரியிலும் இருந்தன. “வாங்கியது ஒன்று. மூன்று வரிகள் ஏன் சார்? அதுகூடப் போகட்டும். அந்தக் குறியீடு எங்கள் வீட்டுக் கருவியில் செல்லவே இல்லையாம். பணத்தைத் திருப்பித் தர வழி உண்டா?” என்று கன்னடத்தில் கேட்டார்.

முதல் கேள்விக்கு உடனே விடை சொன்னேன். முதல் வரி, பொருளின் விலை. இரண்டாம் வரி, அயல்நாட்டு நாணயத்தில் செலவிட்டமைக்கான மூன்றரை விழுக்காட்டுக் கட்டணம். மூன்றாம் வரி, அக்கட்டணத்தின் மீது பதினெட்டு விழுக்காட்டுச் சரக்கு மற்றும் சேவை வரி. இரண்டாம் கேள்விக்கு என்னால் அவ்வளவு எளிதாக விடை கூற இயலவில்லை. ஏனெனில், அதே வாரத்தில் அதே கேள்வி என் வீட்டிலும் எழுந்திருந்தது. வணிகவியல் படித்து, இருபது ஆண்டுகளாக வங்கியில் பணியாற்றிவரும் நானே அதற்கு விடையின்றித் திகைத்திருந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். 2023ஆம் ஆண்டு. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகன், பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் உறவினர் தந்த பணத்தை ஓராண்டாகச் சேர்த்து வைத்திருந்தான். அவன் விரும்பிய ஆட்டத்தின் சிறப்புப் பதிப்பு இந்தியக் கடைகளில் கிடைக்கவில்லை. அமெரிக்க விற்பனைத் தளம் ஒன்றில் 60 டாலருக்குக் கிடைத்தது. அனுப்பும் கட்டணம் 18 டாலர். டாலர் ஏறத்தாழ 83 ரூபாய் விற்ற காலம் அது. ஆகவே 6,474 ரூபாய். அயல்நாட்டுச் செலவுக் கட்டணம் 227 ரூபாய், அதன்மீது வரி 41 ரூபாய். மொத்தம் 6,742 ரூபாய். கணக்கு எனக்குக் கைவந்த தொழில் அல்லவா? பைசா பிசகாமல் எழுதி மகனிடம் காட்டினேன். அவன் சேமிப்பு போதாத பகுதியை நான் தருவதாக உடன்பாடு.

பொட்டலம் வந்தது. அதனுடன் ஒரு கேட்புச் சீட்டும் வந்தது. சுங்கத் தீர்வை, வரி, கூரியர் நிறுவனத்தின் சேவைக் கட்டணம் யாவும் சேர்ந்து ஐயாயிரத்து முந்நூறு ரூபாய். நான் பொருளின் விலைக்கு மட்டுமே தீர்வை விதிக்கப்படும் என்று எண்ணியிருந்தேன். உண்மை அதுவன்று. பொருளின் விலையோடு அனுப்பும் கட்டணத்தையும் காப்பீட்டையும் கூட்டி, அந்தத் தொகையின் மீதே அடிப்படைத் தீர்வை கணக்கிடப்படுகிறது. அத்தீர்வையின் மீது பத்து விழுக்காடு சமூகநலக் கூடுதல் தீர்வை. இவை அனைத்தையும் கூட்டி வந்த தொகையின் மீது ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரி. தீர்வைக்குத் தீர்வை, வரிக்குள் வரி என்று அடுக்கடுக்காக ஏறும் கணக்கு அது. சட்டப்படி உரியதே, அதைப் பற்றி எனக்குக் குறையில்லை. முன்கூட்டிக் கணக்கில் சேர்க்காதது என் பிழை. ஆனால் ஐயாயிரம் ரூபாய்ப் பொருள் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது என்பதை ஒரு பதினான்கு வயதுச் சிறுவனிடம் சொல்வது எளிதாக இல்லை.

அன்று மாலை வட்டைக் கருவியில் இட்டோம். வட்டில் இருந்தது ஆட்டத்தின் ஒரு பகுதியே என்றும், எஞ்சியதை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும் என்றும் திரை அறிவித்தது. இரண்டு இரவுகள் அது இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஒருமுறை மின்சாரமும் நின்றது. மூன்றாம் நாள் ஆட்டம் திறந்தது. சிறப்புப் பதிப்பின் சிறப்பு, பெட்டிக்குள் இருந்த ஒரு சிறு சீட்டில் அச்சிடப்பட்ட பன்னிரண்டு எழுத்துக் குறியீட்டில் அடங்கியிருந்தது. அதை உள்ளிட்டால்தான் மகன் ஓராண்டாகக் காத்திருந்த கூடுதல் கட்டங்கள் திறக்கும். உள்ளிட்டான். “இக்குறியீடு உங்கள் மண்டலத்திற்கு உரியதன்று” என்ற பொருள்பட ஒரு வரி தோன்றியது. மீண்டும் உள்ளிட்டான். மீண்டும் அதே வரி.

விற்பனையாளருக்கு எழுதினோம். பெட்டி திறக்கப்பட்டுவிட்டதால் திரும்பப் பெற இயலாது என்று பதில் வந்தது. பெட்டியைத் திறக்காமல் உள்ளே உள்ள சீட்டு எந்த நாட்டுக்குரியது என்று எவ்வாறு அறிவது என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை. விற்பனைப் பக்கத்தைத் திரும்பப் படித்தபோது, அடியில், மிகச் சிறிய எழுத்தில், மண்டலக் கட்டுப்பாடு உண்டு என்ற குறிப்பு இருக்கத்தான் இருந்தது.

அப்போது மகன் ஒரு வழி சொன்னான். “அப்பா, அமெரிக்காவில் இருப்பதாக இன்னொரு கணக்குத் தொடங்கினால் போதும். ஏதாவது ஒரு முகவரி கொடுத்துவிடலாம். என் நண்பர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.”

நாள்தோறும் வாடிக்கையாளர்களிடம் முகவரிச் சான்று கேட்பவன் நான். வாடகை வீடு மாறிய முதியவரிடமும், ஊர்விட்டு ஊர் வந்த தொழிலாளியிடமும், “இந்த முகவரி பொருந்தவில்லை, சரியான சான்று கொண்டு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பியவன். அந்த நான், என் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, நாங்கள் காணாத ஒரு தெருவின் பெயரை மகன் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? வேண்டாம் என்றேன். “நாம் காசு கொடுத்துத்தானே வாங்கினோம்? திருடவில்லையே?” என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் மறுத்ததிலும் நியாயம் இருந்தது. இரண்டு நியாயங்களுக்கும் நடுவே அந்தப் பன்னிரண்டு எழுத்துகள் பயனின்றிக் கிடந்தன. முறையாகப் பணம் செலுத்திய ஒரு சிறுவனைப் பொய் சொல்லத் தூண்டும் ஏற்பாடு எங்கோ கோணலாக இருக்கிறது என்று அன்றிரவு தோன்றியது. அந்த எண்ணமே இக்கட்டுரைக்கு வித்து.

இத்தகைய ஏமாற்றம் எனக்குப் புதிதன்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் பள்ளிச் சிறுவனாக ஈரோட்டில் இருந்தபோது, எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் விளையாட்டுக் கருவி இருந்தது. ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் அச்சாகச் செய்யப்பட்டு, அக்காலத்தில் இந்தியாவெங்கும் விற்ற கருவிகளுள் ஒன்று அது. அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அந்த வீட்டுப் பையனுக்கு ஒரு கேசட் கொண்டுவந்தார். தெருவே கூடி நின்றது. கேசட் துளைக்குள் நுழையவில்லை. பின்னாளில்தான் காரணம் அறிந்தேன். ஃபேமிகாம் கேசட்டுக்கு 60 முனைகள். 1985இல் அமெரிக்காவுக்கென வெளியிட்ட கருவியின் கேசட்டுக்கு 72 முனைகள். அமெரிக்கக் கருவிக்குள் ஒரு பூட்டுச் சில்லும் இருந்தது. உரிய சில்லு இல்லாத கேசட்டை அது ஏற்காது. ஒரே நிறுவனம், ஒரே ஆட்டம், இரண்டு பூட்டுகள்.

நாடுகளிடையே சில வேறுபாடுகள் இயல்பாக அமைந்தவை. நம் வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட். அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. சிவனசமுத்திரத்தில் 1902இல் மின்னுற்பத்தி தொடங்கி, கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் சென்ற மாநிலம் நம்முடையது. மின்சாரம் எங்கெங்கும் தனித்தனியே வளர்ந்தது. வளர்ந்த வழியில் அளவுகளும் வேறுபட்டன. தொலைக்காட்சியும் அவ்வாறே. 1982இல் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியபோது இந்தியா பால் முறையைத் தேர்ந்தது. அமெரிக்காவும் ஜப்பானும் என்டிஎஸ்சி முறையில் இருந்தன. அக்காலத்தில் அங்கிருந்து வந்த கருவிகள் இங்கே கறுப்பு வெள்ளையாகவோ உருளும் படமாகவோ தெரிந்தமைக்கு அதுவே காரணம். இவற்றில் எவர் மீதும் குற்றமில்லை. இன்றைய கருவிகள் பலவற்றின் மின்தகவி 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கிறது. தொலைக்காட்சிகளும் எல்லா முறைகளையும் காட்டுகின்றன. பொறியியல் தன் வேலிகளைப் பெரும்பாலும் தானே அகற்றிவிட்டது.

எஞ்சியிருப்பவை வணிகம் எழுப்பிய வேலிகள். டிவிடி வட்டுகளுக்கு உலகை மண்டலங்களாகப் பிரித்தபோது அமெரிக்கா முதலாம் மண்டலம், இந்தியா ஐந்தாம் மண்டலம் ஆயின. நிண்டெண்டோவின் வீ, த்ரீடிஎஸ் கருவிகளில் மண்டலப் பூட்டு இருந்தது. 2017இல் வந்த ஸ்விட்ச் கருவியில் ஆட்ட அட்டைகளுக்கு அப்பூட்டு நீங்கியது. அண்மைக் கருவிகள் பலவற்றில் வட்டு எந்நாட்டதாயினும் ஓடும். ஆயினும் இணையக் குறியீடும் பரிசு அட்டையும் கணக்கு எந்த நாட்டுக்குரியதோ அந்த நாட்டோடு கட்டுண்டு கிடக்கின்றன. பூட்டு பெட்டியிலிருந்து கணக்குக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

விற்போர் தரப்பையும் கேட்க வேண்டும். ஒரே பொருளை அமெரிக்காவில் ஒரு விலைக்கும் இந்தியாவில் குறைந்த விலைக்கும் விற்பது நமக்கு நன்மையே. கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளம் 2015 நவம்பரில் ரூபாயில் விலை குறிக்கத் தொடங்கிய பிறகு, நம் இளைஞர் பலர் களவுப் படிகளை விட்டு முறையாக வாங்கும் வழி பிறந்தது. இங்கே மலிவாக வாங்கி அங்கே விற்பதைத் தடுக்க வேலி இல்லையெனில், எந்த நிறுவனமும் நமக்கு விலை குறைக்காது. ஆகவே மண்டலப் பிரிவு முற்றிலும் அநீதி என்று நான் வாதிடமாட்டேன். நான் அநீதி என்று சொல்வது, அந்த வேலியை வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாமல் வைப்பதை. விலையைப் பெரிய எழுத்தில் அச்சிடுபவர், “இது அமெரிக்கக் கணக்குக்கு மட்டும்” என்பதையும் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். மருந்துப் பெட்டியில் காலாவதி நாள் எவ்வளவு இன்றியமையாததோ, எண்மப் பொருளில் மண்டலக் குறிப்பும் அவ்வளவு இன்றியமையாதது.

இதனோடு சேர்ந்த மற்றொரு மறைப்பும் உண்டு. நாம் “வாங்குகிறோம்” என்று நம்புகிறோம்; பெறுவதோ பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் ‘தி க்ரூ’ என்ற கார்ப்பந்தய ஆட்டம் 2024 மார்ச் இறுதியில் சேவை நிறுத்தப்பட்டபோது, அதைக் காசு கொடுத்து வாங்கியோர் கையில் வட்டு இருந்தும் ஆட்டம் இல்லாமற்போயிற்று. அதே ஆண்டு கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. எண்மப் பொருளை விற்பவர் அது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் “வாங்குக” என்ற சொல்லைப் பயன்படுத்தலாகாது என்பது அதன் சாரம். 2025 ஜனவரி முதல் அது நடைமுறையில் உள்ளது. நம் நாட்டிலும் 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், பொருள் எந்நாட்டில் உருவானது என்பதைக் காட்ட வேண்டுமென்று கூறுகின்றன. எந்நாட்டில் உருவானது என்பதோடு, எந்நாட்டில் இயங்கும் என்பதையும் காட்டச் சொல்வது பெரிய கோரிக்கையாகாது.

“பிள்ளை விளையாட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?” என்று சிலர் எண்ணக்கூடும். விளையாட்டோடு இது நிற்பதில்லை. அமெரிக்காவிலுள்ள மகள் அன்போடு அனுப்பும் கைபேசி, அங்குள்ள தொலைபேசி நிறுவனத்தோடு பூட்டப்பட்டிருந்தால் இங்கே நம் சிம் அட்டையை ஏற்காது. அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் 14ஆம் வரிசை முதல் சிம் அட்டை செருகும் இடமே இல்லை. அச்சுப்பொறியின் மைக்குப்பி, மின்னூல், மென்பொருள் உரிமம் என ஒவ்வொன்றிலும் இந்த வேலி நுழைந்திருக்கிறது. பேரனுக்கு இன்று நேர்ந்தது தாத்தாவுக்கு நாளை நேரும்.

வங்கியில் இருப்பவன் என்ற முறையில், இதில் பணத்தின் வழியைப் பற்றிச் சிலவற்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன்.

முதலாவது, அட்டை. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, புதிதாக வழங்கப்படும் அட்டையில் அயல்நாட்டுப் பயன்பாடு இயல்பாகத் திறந்திருக்காது. வாடிக்கையாளரே அதைத் திறக்க வேண்டும். வாங்கும்போது திறவுங்கள்; வாங்கியதும் மூடுங்கள். வரம்பையும் தேவையான அளவுக்கே வையுங்கள். அயல்நாட்டுத் தளங்கள் பல, ஒருமுறைக் கடவுச்சொல் கேளாமலேயே பணத்தை எடுத்துக்கொள்ளும் என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவது, தவறும் மோசடியும் வேறு வேறு. நீங்கள் அறியாமல் எவரோ உங்கள் அட்டையைப் பயன்படுத்தினால், 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கி விதி உங்களைக் காக்கிறது. வங்கியின் தவறோ உங்கள் தவறோ இன்றி வெளியே எங்கோ நேர்ந்த பிழையாயின், மூன்று வேலைநாள்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களைச் சேராது. நீங்களே விரும்பி வாங்கிய பொருள் இயங்கவில்லை என்பது அவ்வகையில் சேராது. அதற்கு வங்கியில் சர்ச்சை விண்ணப்பம் அளிக்கலாம். முடிவு, விற்பனையாளர் என்ன சொல்லி விற்றார் என்பதைப் பொறுத்தது. ஆகவே விற்பனைப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்வது பயன் தரும்.

மூன்றாவது, குறுக்கு வழி. அயல்நாட்டுப் பரிசுக் குறியீடுகளை மலிவாகத் தருவதாகச் சொல்லும் அறிமுகமற்ற விற்பனையாளர்கள் பலர் உள்ளனர். மண்டலப் பூட்டால் சோர்ந்த சிறுவர்களே அவர்களுடைய இலக்கு. பணம் பறிபோயிருந்தால் தயங்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். விற்பனையாளர் மீதான நுகர்வோர் குறைகளுக்கு 1915 என்ற எண் உள்ளது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் ஊரின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம்.

இவ்வளவு சொல்லும் நான் வங்கியாளர் தரப்பையும் விட்டுவிடலாகாது. மூன்றரை விழுக்காடு என்பதும் அதன்மேல் வரி என்பதும் எங்கள் கட்டணப் பட்டியலில் உள்ளன. ஆனால் அப்பட்டியலை அந்த ஆசிரியை படித்திருப்பார் என்று எதிர்பார்ப்பது, அந்தச் சிறிய எழுத்துக் குறிப்பை நான் படித்திருப்பேன் என்று விற்பனையாளர் எதிர்பார்த்ததைப் போன்றதுதான். அயல்நாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளர் திறக்கும் அந்தக் கணத்திலேயே, “நூறு ரூபாய் செலவிட்டால் உங்கள் கணக்கில் நூற்று நான்கு ரூபாய்க்கு மேல் பற்று வைக்கப்படும்” என்று அவரவர் மொழியில் ஒரு வரி தோன்றினால் என்ன? பிறரிடம் கேட்கும் நேர்மையை நாமும் காட்டத்தானே வேண்டும்?

மைசூருக்கும் விளையாட்டுக்கும் பழைய உறவு உண்டு. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்டப் பலகைகளையும் கஞ்சிஃபா சீட்டுக்கட்டுகளையும் புதிது புதிதாக வகுத்த மன்னர். சதுரங்கக் குதிரை எல்லாக் கட்டங்களையும் ஒருமுறை மட்டும் தொட்டுவரும் புதிர்வழிகளில் வல்லவர். அந்தப் பழைய ஆட்டங்களுக்கு ஒரு பண்பு இருந்தது. பலகையும் காயும் கையில் வந்துவிட்டால் ஆட்டமும் கையில் வந்துவிடும். நம் பரமபதம் கடல் கடந்து சென்று பாம்பும் ஏணியுமாக உலகெங்கும் வீடுகளில் விரிந்தது, அதை விரித்த எவரிடமும் “நீ எந்த மண்டலம்?” என்று அது கேட்டதில்லை.

அந்த ஆசிரியைக்குச் சர்ச்சை விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன்; முடிவு உறுதியில்லை என்பதையும் சொன்னேன். அவர் அதைப் புரிந்துகொண்டு, பேரனுக்கு அடுத்த முறை புத்தகம் வாங்கித் தரப்போவதாகச் சொல்லிவிட்டுச் சென்றார். என் மகன், திறக்காத கட்டங்களை விட்டுவிட்டு, திறந்தவரை விளையாடி முடித்தான். பொய் முகவரி எழுதவில்லை. அதற்காக நான் அவனைப் பாராட்டவுமில்லை. அவன் இழந்தது உண்மையான இழப்பு என்பது எனக்குத் தெரியும்.

சென்ற மாதம் நியூ ஜெர்சியிலிருந்து என் மைத்துனர் பேசினார். ஊருக்கு வருவதாகவும், மருமகனுக்கு என்ன வாங்கி வரட்டும் என்றும் கேட்டார். மகன் பெட்டிச் சீட்டை எடுத்துவந்து தொலைபேசியருகே அமர்ந்தான். “மாமா, வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள். அது இந்தியக் கணக்கில் திறக்குமா?” என்றான்.

பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு அவன் கற்றது அந்த ஒரு கேள்வி. உங்கள் வீட்டுப் பிள்ளை அதைச் செலவின்றிக் கற்கட்டும் என்றே இதை எழுதினேன்.